ரத்தினபாய்க்கு வந்த பாரம்

நல்வாக்குபுரத்தில் பரிசுப் பொருள்களுக்குப் பாரம் வந்தது ஒரு டிசம்பர் மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து பெண்கள் ஐக்கிய சங்கத்தார் கோயிலை ஒட்டிய ஹாலில் கூடியிருந்தபோது, காலை பதினொன்றே கால் மணிக்கு. மணி இவ்வளவு துல்லியமாக எங்களுக்குத் தெரியக் காரணம், சங்கத்துச் செயலாளர் எமிலி டீச்சர் அந்த நிமிஷத்தில்தான் சுவர்க்கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்து, நேரமாகிவிட்டது என்று முணுமுணுத்து, சிவப்புத் தாள் சுற்றிய ஒரு டப்பாவின் மேல் 'ரத்தினபாய்க்கு' என்று பேனாவால் எழுதி, அதைத் தூக்கப் போய், தூக்க முடியாமல், "யாரு இதை மேசையோட சேத்து ஆணி அடிச்சது?" என்று கேட்டதுதான்.

எங்கள் ஊர்ப் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. டிசம்பர் பிறப்பதற்கு முன்பே பெயர்ச்சீட்டுக் குலுக்குவார்கள். யார் கைக்கு யார் பெயர் வருகிறதோ அவர்தான் அந்த வருஷத்துக் கிறிஸ்மஸ் தோழி. தோழியின் வீட்டுக்கு உபயோகமாக ஒரு பொருள் வாங்கி, வண்ணத்தாள் சுற்றி, எல்லார் முன்னிலையிலும் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். நல்ல வழக்கம்தான். ஆனால் வருஷம் போகப் போக வீட்டுக்கு உபயோகம் என்பது ஹாட்பாக்ஸ், பிளாஸ்டிக் பூச்சாடி, வசனம் போட்ட கடிகாரம் என்று மூன்று சாமான்களுக்குள் அடங்கிப்போய், பரிசு பெற்றவர் பிரிக்காமலே அடுத்த வருஷம் இன்னொருவருக்குப் பெயர் மாற்றிக் கொடுக்க, ஒரே பச்சை ஹாட்பாக்ஸ் ஏழு வருஷத்தில் ஏழு வீடு பார்த்துவிட்டு முதலில் வாங்கியவரிடமே திரும்பி வந்து, அவரும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "எவ்வளவு அழகா இருக்கு, எங்க வாங்குனீங்க?" என்று கேட்டதும் நடந்திருக்கிறது.

டப்பாவைத் தூக்க நான்கு ஆண்கள் வந்தார்கள். டப்பா அசையவில்லை. தாளைக் கிழித்துப் பார்த்தார்கள். உள்ளே ரோஜாப்பூப் படம் போட்ட ஆறு டீக் கோப்பைகள். அட்டையைப் பிய்த்து எடுத்தாலும் கோப்பைகள் ஆறும் மேசைமேல் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தன. அதே மேசையின் இன்னொரு ஓரத்தில், ரத்தினபாய் அக்கா தன் தோழிக்கென்று வெட்கத்தோடு வைத்த பிரிமணை, பானையைக் கீழே வைக்கத் தேங்காய்நாரில் அவளே திரித்துக் கட்டிய வளையம், பெயர் எழுதி முடித்ததும் மின்விசிறிக் காற்றில் எழும்பிப் பறந்து பாட்டுக்காரர்கள் உட்காரும் பெஞ்சில் போய் விழுந்தது.

யாரும் அலறவில்லை. எங்கள் ஊரில் மழை பெய்தால்தான் ஆச்சரியப்படுவோம். கோயிலில் மணி அடித்துக் கதவு திறந்து சகலமும் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளை தவசிமுத்து மட்டும் கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கை நெல் நிறுக்கிற தராசை இழுத்து வந்தார்.

அன்றிலிருந்து ஒரு வாரம் ஊர் முழுக்க அவரவர் வீட்டுப் பரிசுகளோடு அந்தத் தராசு முன்னால் வரிசையில் நின்றோம். கடையில் கிடக்கிறவரைக்கும், நமக்கென்று வாங்குகிறவரைக்கும் சாமான் சாதாரணமாகத்தான் இருந்தது. இன்னாருக்கு என்று பெயர் எழுதிய நிமிஷம் அது பிறந்த ஊரின் தூரம் முழுவதும் அதன்மேல் ஏறி உட்கார்ந்தது. சிவகாசிக் காலண்டரை ஒரு ஆள் தோளில் போட்டுத் தூக்கலாம். திருப்பூர்த் துண்டு ஒரு மூட்டை அரிசி. எமிலி டீச்சரின் கோப்பைகள் சீனத்துக் கடற்கரைப் பட்டணம் ஒன்றில் பிறந்தவை என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. சுத்தமான உள்நாட்டுத் தயாரிப்பு என்று கடைக்காரர் சத்தியம் பண்ணிக் கொடுத்த ஒரு மேசைவிளக்கு, பெயர் எழுதியதும் பெஞ்சை இரண்டாக ஒடித்துக்கொண்டு தரையில் இறங்க, கடைக்காரர் அன்று மத்தியானமே ஷட்டரை இறக்கிவிட்டு மச்சினன் வீட்டுக்குப் போய்விட்டார்.

ஒன்றே ஒன்றுதான் குழப்பியது. மேலத்தெருவில் ஒருவர் தன் வீட்டுப் பழைய ஜெர்மன் தையல் மெஷினை எதிர்வீட்டுப் பெண்ணுக்குப் பரிசாக எழுதினார். எட்டு ஆள் சட்டையைக் கழற்றிவிட்டு நின்றார்கள். ஆனால் அந்தப் பெண் தனியாக அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தெருவைக் கடந்து போனாள். கோயில்பிள்ளை ரொம்ப நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, "நாப்பது வருசம் ஒரு வீட்டுல புழங்கிட்டுல்லா. இனி அது அந்த வீட்டுப் பிள்ளதான்" என்று தீர்ப்புச் சொன்னார். புழங்கிய பொருளுக்குப் புழங்கிய வீடே பிறந்த வீடு என்று நாங்களும் எழுதி வைத்துக்கொண்டோம்.

பாரம் என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் இரண்டு வேலை. மூட்டைக்கும் பாரம் உண்டு, மனதுக்கும் பாரம் உண்டு. யாரையாவது நினைத்து உருகி முழங்கால் போட்டு ஜெபித்தால், அவருக்கு அந்தப் பிள்ளைமேல் பாரம் இருக்கிறது என்போம். பாரமில்லாதவன் என்றால் ஈரமில்லாதவன் என்று அர்த்தம். எங்கள் ஐயர், அதாவது குருவானவர், அடுத்த ஞாயிறு இந்தச் சொல்லை வைத்து முக்கால் மணி நேரம் பிரசங்கம் பண்ணினார். கடைசி வரியில் எந்தப் பாரத்தைச் சொல்கிறார் என்று அவருக்கே பிடிபடாமல் ஆமென் சொல்லி இறங்கிவிட்டார். பின்னால் நடந்த தப்புக்கெல்லாம் அந்தப் பிரசங்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் அபிப்பிராயம்.

ஊர் பழகிக்கொண்டது. டீக் கோப்பைகளை நகர்த்த வழியில்லாததால் ரத்தினபாய் அக்கா ஞாயிறுதோறும் ஹாலுக்கு வந்து அவற்றில் டீ ஊற்றினாள், நாங்கள் வரிசையாக வந்து குனிந்து, தொட்டியில் மாடு குடிப்பதுபோல் வாய் வைத்துக் குடித்துவிட்டு நிமிர்ந்தோம், எத்தனையோ வருஷமாக முகம் பார்க்காத இரண்டு பேர் எதிரெதிரே குனிந்து மூக்கு இடித்துக்கொண்டு சிரித்ததும் உண்டு. கிறிஸ்மஸ் பரிசுக்குப் பஸ் ஏறிப் பட்டணம் போவது நின்றது. பக்கத்துத் தெருவில் யார் என்ன செய்கிறார்கள் என்று முதல்முறையாக விசாரித்தோம். குயவர் தெருப் பெண்ணிடம் மண் அகப்பைத் தாங்கி, மரக்கடையில் மிச்சமான பூவரசம் பலகையில் சாவி மாட்டுகிற சட்டம், ஓலைப்பெட்டி, புடைத்துச் சுத்தம் பண்ணிய இலவம்பஞ்சில் தலையணை, எல்லாம் கைக்கு இதமாக வந்தன. பேங்க் மேனேஜர் தன் மனைவிக்கு இரண்டு வாரம் உட்கார்ந்து விளக்குமாறு கட்டிக்கொடுத்து, அது மூன்றாம் நாளே அவிழ்ந்துபோனாலும், அந்த அம்மா அதைக் கூடத்தில் மாட்டி வைத்தார். வீம்புக்காரர்களும் இருக்கத்தானே செய்வார்கள். சம்பந்தி வீட்டை அசத்த நினைத்த ஒருவர் இத்தாலி நாட்டுப் பளிங்கு யானையை வாங்கி, பெயர் எழுதி, லாரியில் ஏற்ற முடியாமல் விட்டுவிட, அது இன்றும் முச்சந்தியில் நிற்கிறது. அதன் வயிற்றடி நிழலில் நாய்கள் தூங்குகின்றன.

எல்லாரும் பாரத்துக்குப் பயந்த அந்த மாதத்தில் பாரத்தை ஆசையாக எதிர்பார்த்தவள் ரத்தினபாய் அக்கா ஒருத்திதான்.

அவள் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் சமைத்து ஓய்வு பெற்றவள். புருஷன் இல்லை. ஒரே மகள் ஹெப்சி, நர்ஸ் வேலைக்கு அயர்லாந்து போய் ஆறு வருஷம். வருஷத்துக்கு இரண்டு முறை அக்கா மகளுக்குப் பார்சல் அனுப்புவாள். அட்டைப்பெட்டி நிறைய முந்திரிக்கொத்துப் பலகாரம், நடுவில் நாரத்தங்காய், எலுமிச்சங்காய், மாவடு, பூண்டு என்று நான்கு கண்ணாடி பாட்டில் ஊறுகாய். பாட்டில் வழியில் உடையாமலிருக்க ஒவ்வொன்றையும் தன் பழைய நூல்சேலையில் ஒரு துண்டு கிழித்துப் பச்சைப்பிள்ளையைச் சுற்றுவதுபோலச் சுற்றி வைப்பாள்.

செப்டம்பர் பார்சல் போய்ச் சேர்ந்த அன்று ஹெப்சி போன் பண்ணினாள். "யம்மா, வந்துட்டு. இனிமே அனுப்பாதீங்க. எனக்குப் போதும்" என்றாள். வார்டில் யாரோ கூப்பிட, வைத்துவிட்டாள்.

போதும். அந்த ஒரு சொல் அக்காவைப் போட்டுப் புரட்டி எடுத்துவிட்டது. ஊறுகாய் போதுமா, அம்மா போதுமா? அங்கேயே எல்லாம் கிடைக்கிறது, நான் எதற்கு? பாட்டிலை எடுத்துக்கொண்டு சேலைத்துண்டைக் குப்பையில் போட்டிருப்பாள், ஊறுகாயையும் போட்டிருப்பாள். இப்படி அவளாகவே நினைத்து நினைத்து, அதன்பிறகு மகள் கூப்பிடும்போதெல்லாம் சாப்பிட்டியா, அங்கே குளிரா, சரி வைக்கட்டுமா என்ற மூன்று கேள்வியோடு நிறுத்திக்கொண்டாள். கடைக்குப் போகக்கூட மனமில்லாமல்தான் அந்த டிசம்பரில் கிடந்த நாரை எடுத்துப் பிரிமணை திரித்தாள். இதையெல்லாம் அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் எங்களுக்குத் தெரியும்.

டிசம்பர் பத்தாம் தேதி ஹெப்சி போனில், "யம்மா, வீட்டுக்கு ஒரு பார்சல் போட்டிருக்கேன். நல்ல நாளுக்கு முன்னே வந்துரும்" என்றாள். ஊரில் நடக்கும் கூத்தை அக்கா சொன்னபோது அவள் சிரித்தாள். "உங்க பேரு எழுதித்தான் அனுப்பிருக்கேன். பாப்போம்" என்றாள்.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. எமிலி டீச்சர் பள்ளிக்கூடத்து அட்லஸை விரித்து நூலால் அளந்து, "ஒம்பதாயிரம் கிலோமீட்டர் வருது. என் கோப்பையப் போல ரெண்டு பங்கு" என்றார். அடுத்த நாளே வேலை தொடங்கியது. தேங்காய் ஏற்றுகிற பெரிய வண்டியைக் கோயில் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினோம். தபாலாபீசிலிருந்து அக்கா வீடு வரைக்கும் குழிகளை நிரவினோம். வீட்டுக்கு ஒரு ஆள் என்று பதினாறு பேர் பெயர் கொடுத்தோம். கோயில்பிள்ளை கிணற்றுக் கயிற்றை மூன்று புரியாக முறுக்கி எண்ணெய் போட்டு வைத்தார். அக்கா முன்கூடத்துச் சிமெண்ட் தரையைப் பெயர்த்துவிட்டுக் கருங்கல் பாவினாள்.

"எக்கா, என்ன சாமானாம்?" என்று யாராவது கேட்டால், "எனக்கென்ன தெரியும்" என்பாள். பிறகு தானாகவே, "எவ்வளவு பாரமா இருந்தாலும் வரட்டும்" என்பாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க எங்களுக்குச் சந்தோஷமாக இருந்தது. மகள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறாள் என்பதை ஆறு வருஷமாக அவள் ஒருத்தியே சுமந்தாள். இப்போது அதைப் பதினாறு பேர் சேர்ந்து தூக்கி ஊரே பார்க்கும் என்பதில் அவளுக்கு ஓர் ஆறுதல் இருந்திருக்க வேண்டும்.

பார்சல் வரும் என்று தபாலாபீசில் சொன்ன இருபத்து மூன்றாம் தேதி காலை பத்து மணிக்கு, அக்கா வீட்டு வாசல் வெயிலில் நாங்கள் பதினாறு பேரும், கயிறும், வண்டியும், வேடிக்கை பார்க்க மிச்ச ஊரும் காத்திருக்க, தபால்காரர் மாசானம் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். பின்கேரியரில் ஒரு பொதி. அயர்லாந்துத் தபால்தலை ஒட்டியிருந்தது. 'ரத்தினபாய்க்கு' என்று தமிழில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. மாசானம் இறங்கி அதை ஒரு கையால் எடுத்து நீட்டினார்.

"ஒரு பக்கமா சாயுதுக்கா. சைக்கிள்ல நிக்கவே மாட்டேங்குது. மத்தபடி பூசணிக்காய்க் கனங்கூட இல்ல" என்றார், நல்ல செய்தி சொல்கிற முகத்தோடு.

கூட்டத்தின் பின்னாலிருந்து யாரோ ஒரு வாய், ஊரில் அப்படி ஒரு வாய் எப்போதும் இருக்கும், "பிள்ளைக்குத் தாய்மேல பாரமில்லபோல" என்று சொல்லிவிட்டது. சொன்னவரை எல்லாரும் முறைத்தோம். ஆனால் அதே நினைப்பு எங்கள் எல்லார் மனதிலும் ஓடியது என்பதை ஒத்துக்கொள்கிறேன். கோயில்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார். அக்கா பொதியை வாங்கி, "எல்லாரும் வெயில்ல நின்னுட்டீங்க, மோர் குடிச்சிட்டுப் போங்க" என்றாள். பதினாறு பேரும் மோர் குடித்தோம். மோரில் உப்பு இல்லை.

பொதியை அவள் அந்தக் கருங்கல் தரையின் நடுவில் வைத்தாள், பிரிக்கவில்லை. இரண்டு நாள் அதைச் சுற்றித்தான் வீடு பெருக்கினாள்.

கிறிஸ்மஸ் அன்று ஆராதனை முடிந்து எமிலி டீச்சர் தூக்குவாளியில் பிரியாணியோடு அக்கா வீட்டுக்குப் போனார். கோப்பைகளால் வந்த வினை என்று டீச்சருக்கு உள்ளூர ஓர் உறுத்தல். இருவரும் உட்கார்ந்து பிரியாணியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது, அக்கா ஸ்பீக்கரில் போட்டாள். இந்தப் பேச்சை டீச்சர் பிறகு ஊரில் அறுபது வீட்டில் சொன்னார், அதனால் ஒரு சொல் விடாமல் எங்களுக்குத் தெரியும்.

"நல்ல நாள் வாழ்த்துகள்மா. பார்சல் வந்துட்டா?"

"வந்துட்டு."

"பிரிச்சுப் பாத்தீங்களா?"

"இல்ல."

"ஏம்மா?"

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு, "பாரமே இல்லியேட்டி" என்றாள்.

"யம்மா, இப்பம் பிரிங்க. நான் போனை வைக்க மாட்டேன்" என்றாள் ஹெப்சி.

டீச்சர் கத்தரிக்கோல் எடுத்து வந்தார். உள்ளே மடித்திருந்த துணியை அக்கா உதறினாள், அது விரிந்து கருங்கல் முழுவதையும் மூடியது. ஒரு போர்வை. ஆறு வரிசை, வரிசைக்கு எட்டுத் துண்டு, நாற்பத்தெட்டும் அக்காவின் சேலைத் துண்டுகள். சத்துணவுக் கூடத்துக்கு உடுத்திப்போன மாந்தளிர் நிறம், எத்தனை துவைத்தும் போகாத மஞ்சள் கறையோடு. ஹெப்சியைப் பெற்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று உடுத்தியிருந்த நீலக் கட்டம். புருஷன் கடைசியாக எடுத்துத் தந்த சுங்குடி. இங்கொன்றும் அங்கொன்றுமாய் எலுமிச்சங்காய் எண்ணெய் ஊறிய வட்டம். ஆறு வருஷம், பன்னிரண்டு பார்சல், நாற்பத்தெட்டு பாட்டில் சுற்றிய துணி. ஒன்றையும் மகள் எறியவில்லை.

"நூலுகூட அந்தச் சேலைகள்லயே உருவுனதுதாம்மா" என்றாள் ஹெப்சி. "டியூட்டி இல்லாத நாளெல்லாம் உக்காந்து தச்சேன். கோணல்மாணலா இருக்கும்."

"அதான்" என்றார் எமிலி டீச்சர். "எல்லாம் இந்த வீட்டுல புழங்குனது. சொந்த வீட்டுக்குத் திரும்பி வருது. அதுக்கு எங்கிட்டு இருந்து பாரம் வரும்?"

அக்கா போர்வையின் நடுவில் உட்கார்ந்துவிட்டாள். "ஏட்டி, போதும்னு சொன்னியே" என்றாள். மூன்று மாசமாகத் தொண்டையில் கிடந்தது அப்போதுதான் வெளியே வந்தது.

"துணி போதும்னுல்லா சொன்னேன்! நாப்பத்தெட்டாவது துண்டு வந்துட்டு, உங்க கட்டில் அளவுக்குச் சரியாயிட்டு. அதுவும் கடைசியா வந்ததைப் பாத்தேன், நல்ல சேலையைக் கிழிச்சிருக்கீங்க. பழசெல்லாம் தீந்துபோச்சு, நல்லதைக் கிழிக்கீங்கன்னு தெரிஞ்சதும் எனக்கு அழுகை வந்துட்டு. அதான் சட்டுனு வச்சேன்."

"அப்பம் ஊறுகாய்?"

"ஊறுகாய் போதும்னு நான் எப்பம்மா சொன்னேன்? பூண்டு ஊறுகாய் தீந்து ஒரு மாசம் ஆச்சு. கேட்டா நீங்க சாப்பிட்டியா, குளிரான்னு கேட்டுட்டு வச்சிருதீங்க."

அக்கா அழுதாள், சிரித்தாள், மகளைத் திட்டினாள், தன்னைத் திட்டினாள், பூண்டு என்ன விலை என்று டீச்சரிடம் கேட்டாள். பிரியாணி ஆறிப்போனது.

"ஒரு மூலையில மட்டும் அங்கத்த ஆட்டுக் கம்பளி நூலு போட்டிருக்கேன்மா" என்றாள் ஹெப்சி கடைசியில். "என் பேரு. சின்னதா."

டீச்சர் போன பிறகு, வீடு அடங்கிய மத்தியான வேளையில், அக்கா கட்டிலில் படுத்துப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். இலவம்பஞ்சு மாதிரி இருந்தது, மேலே கிடப்பதே தெரியவில்லை. ஒரு மூலை மட்டும் வரவில்லை. அதை இரண்டு கையாலும் இழுத்து மேலே போட்டாள். சிவப்பு நூலில் மூன்றே எழுத்து, உள்ளங்கை அகலம்கூட இல்லை. ஆனால் அந்த நூலுக்கு ஒன்பதாயிரம் கிலோமீட்டர் பாரம் இருந்தது. அது அவள் இடுப்பின்மேல் பொத்தென்று விழுந்து அழுத்தியது.

அக்காவுக்கு அந்தக் கனம் தெரியும். ஏழு வயதுவரை ஹெப்சி அவளை ஒட்டிப் படுத்துத் தூக்கத்தில் ஒரு காலைத் தூக்கி அவள் இடுப்பின்மேல் போட்டுக்கொள்வாள். எடுத்து நகர்த்தினாலும் மறுபடி போடுவாள். அதே இடம், அதே கனம்.

கதவிடுக்கில் எட்டிப் பார்த்த கோயில்பிள்ளை, "எக்கா, ஏதும் தூக்கணுமா? கயிறு கையில இருக்கு" என்று மெதுவாகக் கேட்டார்.

"சத்தம் போடாதீங்க" என்றாள் ரத்தினபாய் அக்கா, அசையாமல். "பிள்ள தூங்குது."